அவரவர் உயிர், அவரவர் பொறுப்பா?

மலையிலிருந்து பறப்பவர்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால் ஒரு வாசகம் தவறாமல் வந்து விழுகிறது: "அவரவர் உயிர், அவரவர் பொறுப்பு." பறக்கிறவர்கள் இதைப் பெருமையோடு சொல்கிறார்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு பயணிகளைக் கூட்டிப் பறக்கிறவர்கள் இதையே பாரமாக அச்சடித்துக் கையெழுத்து வாங்குகிறார்கள். வேடிக்கை பார்க்கிறவர்கள், விழுந்தால் அவன்தானே விழப் போகிறான் என்று தோளைக் குலுக்குகிறார்கள். மகனைத் தடுத்துப் பார்த்துத் தோற்ற பெற்றோரும் கடைசியில் இதைச் சொல்லித்தான் ஓய்கிறார்கள். இத்தனை பேர் ஒத்துக்கொள்ளும் இந்த வாசகம் தவறானது. தவறானது மட்டுமல்ல, மலைச்சரிவுகளில் ஆளைக் கொல்வதும் இதுதான் என்பது என் வாதம்.

எதிர்த்தரப்பின் நியாயத்தை முதலில் குறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வயது வந்த ஒருவர் தன் உடலை எந்த ஆபத்துக்கு உட்படுத்துவது என்பதைத் தானே முடிவு செய்யலாம். கினாபாலு மலை ஏறுகிறவரையோ ஆழ்கடலில் மூழ்குகிறவரையோ நாம் கைது செய்வதில்லை. பாராகிளைடருக்கும் ஹேங் கிளைடருக்கும் இயந்திரம் கிடையாது, எரிபொருள் கிடையாது, ஊருக்கு இரைச்சலும் கிடையாது. காற்றை மட்டும் நம்பிக் கிளம்புகிறவர் யாருக்கு என்ன தீங்கு செய்துவிட்டார்? இது பலவீனமான கேள்வி அல்ல. யாருமில்லாத மலையில், யாருமில்லாத நாளில், தன்னந்தனியாகப் பறக்கிறவருக்கு இந்த வாதம் பெருமளவு பொருந்தும்.

அப்படிப்பட்ட மலை எங்கே இருக்கிறது?

ஜொகூர் பாருவில் வாழும் எங்களுக்கு ஒரு பக்கம் செனாய் விமான நிலையம். நீரிணைக்கு அந்தப் பக்கம் செலெத்தாரும் சாங்கியும். இந்த ஊரில் பறக்கும் ஆசை பிடித்தவர் நெடுஞ்சாலையில் பல மணி நேரம் வடக்கே ஓட்டிப்போய், சிலாங்கூரின் பந்திங் அருகே உள்ள புக்கிட் ஜுக்ராவைப் பார்க்கிறார். லங்காட் ஆற்றங்கரைச் சமவெளியில் தனித்து நிற்கும் குன்று அது. ஒரு காலத்தில் சிலாங்கூர் சுல்தானின் அரசிருக்கையாக இருந்த இடம். உச்சியில் பழைய கலங்கரை விளக்கம். சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். இன்னும் வசதி உள்ளவர் பாலியின் திம்பிஸ் கடலோரப் பாறைமேட்டுக்கும், நேப்பாளத்தில் பொக்காராவின் சாராங்கோட்டுக்கும், ஹிமாச்சலத்தின் பீர் பில்லிங்குக்கும் போகிறார். எங்கே போனாலும் நிலைமை ஒன்றுதான். பறக்கத் தகுந்த மலைகள் குறைவு. பறக்கத் தகுந்த நாள்கள் அதைவிடக் குறைவு. ஆகவே எல்லாரும் ஒரே மலைக்கு, ஒரே நாளில், ஒரே மணி நேரத்தில் வந்து சேர்கிறார்கள். அந்தக் கணத்திலேயே "அவரவர்" என்ற சொல் பொருளிழந்துவிடுகிறது.

"வானம் எவ்வளவு பரந்தது, அதில் போய் எப்படி மோதிக்கொள்வார்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. பறக்காதவர் கேட்டால் புரிந்துகொள்ளலாம். பறக்கிறவர் கேட்டால் அவர் தன் மலையையே புரிந்துகொள்ளவில்லை என்று பொருள். பாராகிளைடர், அசையாத காற்றில், நொடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் வீதம் இறங்கிக்கொண்டே இருக்கும். மேலே நிற்க வேண்டுமானால் அதைவிட வேகமாக மேலெழும் காற்றுக்குள் அது இருக்க வேண்டும். மலைச்சரிவில் அந்தக் காற்று எங்கே கிடைக்கிறது? கடலிலிருந்தோ சமவெளியிலிருந்தோ வரும் காற்று சரிவில் மோதி மேல்நோக்கித் திரும்பும் இடத்தில். அது மலைமுகத்தை ஒட்டி நீளும் ஒரு பட்டை. அதைவிட்டு வெளியே போனால் கிளைடர் இறங்கத் தொடங்கும். முகட்டைத் தாண்டிப் பின்பக்கம் போனால் சுழன்று கீழே அமுக்கும் காற்றில் சிக்கும். காற்று மெலிந்தால் பட்டையும் மெலியும். பறக்கிறவர்கள் எல்லாரும் அந்த மெல்லிய பட்டைக்குள் நெருங்கி, மலையின் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் எதிரெதிராகப் போய்வந்துகொண்டிருப்பார்கள். பரந்த வானம் கண்ணுக்குத் தெரியும். பறக்கக் கிடைப்பது அந்தப் பட்டை மட்டுமே.

அதற்குள் வேகத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். பாராகிளைடர் இயல்பாக மணிக்கு 36 கிலோமீட்டர் அளவில் போகும். நொடிக்குப் பத்து மீட்டர். ஹேங் கிளைடர் மணிக்கு 54 கிலோமீட்டரில் எதிரே வருகிறது என்று வைப்போம்; நொடிக்குப் பதினைந்து மீட்டர். நூறு மீட்டர் இடைவெளி நான்கே நொடிகளில் தீர்ந்துவிடும். எதிரே வருவது எது என்று கண்டு, அது எந்தப் பக்கம் திரும்பும் என்று கணித்து, தான் எந்தப் பக்கம் திரும்புவது என்று முடிவெடுத்து, கையை இயக்கி, கிளைடர் அதற்கு இணங்கித் திரும்பும்வரை எல்லாம் அந்த நான்கு நொடிக்குள் முடிய வேண்டும். அந்த நேரத்தில் என் உயிர் என் கையில் இல்லை. எதிரே வருகிறவர் என்ன கற்றார், யாரிடம் கற்றார், இப்போது எங்கே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதில் இருக்கிறது. அவர் உயிரும் அதேபோல் என்னிடம் இருக்கிறது.

இந்த இடத்தில் வாசகத்தின் ஆதரவாளர்கள் ஒரு படி பின்வாங்கி வேறொரு தீர்வைச் சொல்வார்கள்: "இரண்டு வகையையும் ஒரே மலையில் விடுவதால்தான் சிக்கல். பிரித்துவிடுங்கள்." இரு வகையினருக்கும் இடையிலான மனக்கசப்புக்கு ஒரு வரலாறு உண்டு. ஆஸ்திரேலியாவின் கிராஃப்டனில் ஜான் டிக்கன்சன் 1963இல் தன் இறக்கையைப் பறக்கவிட்டதை அடுத்த ஆண்டுகளில் ஹேங் கிளைடர் உலகெங்கும் பரவியது. பல மலைகளில் பறக்கும் இடங்களைத் திறந்தவர்கள் ஹேங் கிளைடர்காரர்கள்தான். பிரான்சின் மியுசியில் 1978இல் சிலர் பாராசூட்டை விரித்துக்கொண்டு மலைச்சரிவில் ஓடிக் கிளம்பியதிலிருந்து பாராகிளைடர் வளர்ந்தது. முதுகுப்பையில் அடங்கும், கற்பது எளிது என்பதால் புதியவர்கள் பெருகினார்கள். பழையவர்கள் அவர்களைக் காற்றில் மிதக்கும் தடைகள் என்றார்கள். புதியவர்கள் பழையவர்களைக் கண்மூடிப் பாயும் அம்புகள் என்றார்கள்.

வேறுபாடு உண்மையானது. ஹேங் கிளைடர் அலுமினியக் குழாய்ச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய முக்கோண இறக்கை. ஓட்டுகிறவர் குப்புறப் படுத்த நிலையில், தன் உடல் எடையை நகர்த்தித் திருப்புகிறார். வேகம் அதிகம்; திரும்பும் வட்டம் பெரிது; தரையிறங்க நீண்ட, தடையற்ற திடல் வேண்டும். பாராகிளைடர் முழுக்கத் துணியும் கயிறும். வேகம் குறைவு, சிறு வட்டத்தில் திரும்பும், சிறிய இடத்தில் இறங்கும். ஆனால் கொந்தளிப்பான காற்றில் அதன் துணி மடிந்துபோகலாம். ஒருவர் இயல்பாகச் செய்வது இன்னொருவருக்கு எதிர்பாராததாக இருக்கும். இருவருக்கும் பொதுவான ஒரு குறை வேறு இருக்கிறது: தலைக்கு நேர்மேலே என்ன வருகிறது என்பதைத் தம் இறக்கையே மறைத்துவிடும். கீழே இருப்பவர் வேகமாக மேலேறும்போது மேலே இருப்பவர் கீழே பார்க்கத் தவறினால், இருவருக்கும் தெரியாமலே இருவரும் நெருங்குவார்கள். ஹேங் கிளைடரின் முன்விளிம்பு பாராகிளைடரின் கயிறுகளில் சிக்கினால் இரண்டுமே பறக்காது. சரிவை ஒட்டிய தாழ்ந்த உயரத்தில் ரிசர்வ் பாராசூட் விரியவும் நேரமிருக்காது.

இவ்வளவையும் ஒப்புக்கொண்டே சொல்கிறேன்: பிரிப்பது தீர்வாகாது. 2019 மார்ச்சில் கலிபோர்னியாவின் டோரி பைன்ஸ் கடற்பாறையில் மோதி இறந்த இருவரும் பாராகிளைடரில் பறந்தவர்கள். 2024 அக்டோபர் இறுதியில், உலகக் கோப்பைப் போட்டிக்குச் சில நாள்களே இருந்தபோது, பீர் பில்லிங் வானில் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஒருவர் உயிரிழந்ததும் இரு பாராகிளைடர்கள் மோதியதால்தான். ஒரே வகை, ஒரே வேகம், ஒரே வட்டம், இருந்தும் மோதல். மறுபுறம், சிட்னிக்குத் தெற்கே ஸ்டான்வெல் பார்க்கின் பால்ட் ஹில்லில் இரு வகையினரும் பகிர்ந்து பறக்கிறார்கள். 1894இல் லாரன்ஸ் ஹார்கிரேவ் தன் பெட்டிப் பட்டங்களைக் கோத்துத் தன்னையே தரையிலிருந்து உயர்த்திக் காட்டிய கடற்கரை அந்தக் குன்றின் காலடியில்தான் இருக்கிறது. பிரிட்டனில் இரு வகையினரின் அமைப்புகளும் 1990களின் தொடக்கத்தில் ஒன்றாக இணைந்தன. அமெரிக்க ஹேங் கிளைடிங் சங்கம் 2006இல் பாராகிளைடிங்கையும் தன் பெயரில் சேர்த்துக்கொண்டது. ஒரே காற்றை நம்பிப் பிழைப்பவர்கள் ஒரே ஒழுங்குக்குள் வந்தாக வேண்டும் என்பதை அவர்கள் நம்மைவிட முன்னதாக உணர்ந்தார்கள்.

அந்த ஒழுங்கின் இதயம் ஒரே ஒரு விதி. எதிரெதிரே வரும் இருவரில், மலை யாருடைய வலப்பக்கம் இருக்கிறதோ அவருக்கே முன்னுரிமை. மற்றவர் மலையைவிட்டு விலகி வழிவிட வேண்டும். இதன் காரணம் எளிது. திறந்த வானில் நேருக்கு நேர் வருகிறவர்கள் இருவருமே வலப்பக்கம் திரும்ப வேண்டும் என்பது பொது வழக்கம். மலை வலப்பக்கம் இருப்பவர் அப்படித் திரும்பினால் பாறையில்தான் மோதுவார். அவருக்குப் போக்கிடம் இல்லை, மற்றவருக்கு இருக்கிறது. இடம் இருப்பவர் இடம் தர வேண்டும்.

இந்த விதி நம்மவர்களுக்கு இயல்பாக வராது என்பதை யாரும் உரக்கச் சொல்வதில்லை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இந்தியாவிலும் இலங்கையிலும் நாம் சாலையின் இடப்பக்கம் போகிறவர்கள். எதிரே ஒரு லாரி வந்தால் மூளை யோசிப்பதற்கு முன்பே கை இடப்பக்கம் ஒடிக்கும். பல ஆண்டுகள் மோட்டார் சைக்கிளும் காரும் ஓட்டி உடலில் ஊறிய பழக்கம் அது. வானில், அந்த நான்கு நொடிக்குள், அதே பழக்கம் தலைதூக்கினால் விளைவு என்ன? எதிரே வருகிறவர் முறைப்படி வலப்பக்கம் திரும்ப, இவர் இடப்பக்கம் திரும்ப, விலகப் பார்த்த இருவரும் ஒரே இடத்துக்குப் போய்ச் சேர்வார்கள். இதைத் தானாகக் கற்றுக்கொள்ள முடியாது. ஒருவர் சொல்லிக் கொடுத்து, தரையில் நிற்கவைத்துப் பழக்கி, பழைய பழக்கத்தை உடலிலிருந்து அழிக்க வேண்டும். பழைய கிளைடர் ஒன்றைக் கைமாற்றாக வாங்கி, யூடியூப் பார்த்துக் கற்று, "என் உயிர், என் விருப்பம்" என்று மலையேறுகிற இளைஞன் தன் ஆபத்தை மட்டும் எடுத்து வருவதில்லை. எதிரே வரும் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கை எடுத்து வருகிறான்.

இதற்கு அனுபவசாலிகள் தரும் பதில்: "விதியெல்லாம் புதியவர்களுக்கு. எங்களுக்குக் காற்று தெரியும்." நூற்றாண்டுக்கு மேற்பட்ட சான்று இதை மறுக்கிறது. ஏறத்தாழ இரண்டாயிரம் முறை பறந்தவர் என்று சொல்லப்படும் ஓட்டோ லிலியென்தால், 1896 ஆகஸ்டு 9 அன்று, தனக்கு நன்கு பழகிய குன்றிலிருந்து கிளம்பி விழுந்து, மறுநாள் இறந்தார். அவரைவிடக் காற்றை அறிந்தவர் அன்று உலகில் இல்லை. அவர் தனியாகப் பறந்தவர். இன்றைய நெரிசலில் அனுபவத்துக்கு இன்னும் குறைந்த மதிப்புத்தான். என் அனுபவம் நான் செய்யப்போவதை எனக்குச் சொல்லும். எதிரே வருகிறவர் செய்யப்போவதைச் சொல்லாது. அதைச் சொல்லக்கூடியது இருவரும் முன்பே ஒப்புக்கொண்ட விதி மட்டுமே. இன்னும் சொல்லப்போனால் அனுபவசாலி விதியை மீறுவது புதியவன் மீறுவதைவிட மோசமானது, ஏனென்றால் மலையில் எல்லாரும் அவரைப் பார்த்துத்தான் பறக்கிறார்கள்.

வானிலை விஷயத்தில் இதைத் தெளிவாகக் காணலாம். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் 'சுமத்ரா' என்று நாம் அழைக்கும் சூறைக்காற்று வரிசைகள் மலாக்கா நீரிணையைக் கடந்து, பெரும்பாலும் விடியலுக்கு முன்னோ காலையிலோ, திடீரென வந்து அறையும். மற்ற நாள்களில் பிற்பகல் மேகம் ஒரு மணி நேரத்துக்குள் இடிமேகமாக வளர்ந்துவிடும். இடிமேகம் தன் கீழுள்ள காற்றை மேலே உறிஞ்சும். 2007 பிப்ரவரி 14 அன்று ஆஸ்திரேலியாவின் மனிலாவில் எவா விஸ்னியெர்ஸ்கா என்ற ஜெர்மானியப் பாராகிளைடர் வீராங்கனையை அப்படியொரு மேகம் 9,946 மீட்டர் உயரம்வரை இழுத்துச் சென்றது. அவர் உயிர் பிழைத்தது அதிசயம். அதே புயலில் சிக்கிய சீன வீரர் பிழைக்கவில்லை. இருவரும் போட்டிகளில் பறக்கும் தரத்தினர். கறுத்துவரும் மேகத்தைப் பார்த்துக்கொண்டே ஒருவர் கிளம்பினால், காத்திருக்கும் மற்றவர்கள் "அவரே போகிறார்" என்று பின்னால் கிளம்புவார்கள். முதலில் கிளம்பியவர் தன் உயிரைப் பற்றி மட்டும் முடிவெடுத்ததாக நினைக்கிறார். உண்மையில் அவர் வரிசை முழுவதற்கும் முடிவெடுத்துவிட்டார்.

இனி, பயணிகளிடம் கையெழுத்து வாங்கும் அந்தப் பாரத்துக்கு வருகிறேன். இருவர் சேர்ந்து பறக்கும் டேண்டம் பறப்பில் பயணி முன்னால் தொங்குவார், ஓட்டுநர் பின்னால். பயணிக்கு ஒரு கயிறுகூடச் சொந்தமில்லை. காற்றைப் பார்க்கத் தெரியாது; கிளைடர் எத்தனை ஆண்டு பழையது என்று தெரியாது; ஓட்டுநர் காலையிலிருந்து எத்தனை முறை பறந்து களைத்திருக்கிறார் என்றும் தெரியாது. எதையும் அறியாத, எதையும் கட்டுப்படுத்த முடியாத ஒருவரிடம் "என் சொந்தப் பொறுப்பில் பறக்கிறேன்" என்று எழுதி வாங்குவதை எந்த நியாயத்தில் சேர்ப்பது? பொறுப்பு என்பது அதிகாரம் இருக்கும் இடத்தில் இருக்க வேண்டும். 2025 ஜனவரியில் ஹிமாச்சலத்தின் குலு மாவட்டத்தில், கர்சா என்ற இடத்தில், தமிழ்நாட்டிலிருந்து சுற்றுலா போன ஒருவர் டேண்டம் பறப்பில் உயிரிழந்தார். இன்னொரு கிளைடருடன் மோதியதே காரணம் என்று அப்போது செய்திகள் வந்தன. அந்த மோதலில் அவர் எடுத்திருக்கக்கூடிய முடிவு ஏதாவது ஒன்று இருந்ததா? ஒன்றுமில்லை. "அவரவர் உயிர், அவரவர் பொறுப்பு" என்பதை அவருடைய குடும்பத்தாரிடம் போய்ச் சொல்ல யாருக்கு நா எழும்?

நம் நாட்டுச் சட்டம்கூட இந்த வாசகத்தை அப்படியே விழுங்கவில்லை. மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் 2010இல் சேர்க்கப்பட்ட பகுதி, கவனக்குறைவுக்கான பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் ஒப்பந்த வாசகங்களை நியாயமற்றவை என்று கருத இடம் தருகிறது. கையெழுத்து வாங்கிவிட்டால் கடமை கழிந்தது என்று நினைக்கிற நிறுவனங்கள் இதைப் படித்துப் பார்ப்பது நல்லது.

பறப்பின் மிக அடிப்படையான பாதுகாப்பே இன்னொருவரின் கண்ணில்தான் இருக்கிறது. ஹேங் கிளைடரில் கிளம்புமுன் உடற்பட்டை இறக்கையோடு கொக்கியில் மாட்டப்பட்டிருக்கிறதா என்பதைத் தொங்கிப் பார்த்துச் சோதிக்க வேண்டும். பக்கத்தில் நிற்பவர் அதை உறுதி செய்ய வேண்டும். 2018இல் சுவிட்சர்லாந்தின் இன்டர்லாக்கனில் அமெரிக்கப் பயணி ஒருவரின் கொக்கியை மாட்டாமலே ஓட்டுநர் கிளம்பிவிட்டார். அந்தப் பயணி இரண்டு நிமிடங்களுக்கு மேல் வெறும் கையால் பற்றித் தொங்கி, மணிக்கட்டு உடைந்து, உயிரோடு இறங்கினார். அந்தக் காணொளியை உலகமே பார்த்தது. கிளம்பும் மேட்டில் இன்னொருவர் அருகே வந்து, "நில்லுங்கள், கொக்கியைப் பார்க்கிறேன்" என்று சொல்லியிருந்தால் அது நடந்திருக்காது. அவரவர் பாடு அவரவருக்கு என்று எல்லாரும் நிற்கும் மேட்டில் அந்தக் குரல் எழாது.

விபத்துக்குப் பிந்தைய விலையையும் அவரவரே கொடுப்பதில்லை. செம்பனைத் தோட்டத்துக்குள் விழுந்தவரைத் தேடிப் போகிறவர்கள் தீயணைப்பு மீட்புப் படையினரும் பக்கத்துக் கம்போங் மக்களும். நிலத்துக்குச் சொந்தக்காரர் ஒரே விபத்தில் மனம் மாறிப் பாதையை அடைத்துவிடலாம். அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனம் கைவிட்டதும், மலைகளில் பறக்கும் உரிமையைக் காப்பாற்ற சங்கமே உறுப்பினர்களிடம் பணம் திரட்டி 2016இல் தனக்கென ஒரு காப்பீட்டு நிறுவனத்தைத் தொடங்க நேர்ந்தது. ஒரு சிலரின் விபத்துக்கு ஆயிரக்கணக்கானவர்கள் பணம் கட்டினார்கள்.

இந்த வாசகத்துக்கு ஓர் இரட்டைப் பிறவியும் உண்டு. அதன் பெயர் தடை. விபத்து நடக்கும்வரை "அவன் பாடு" என்று இருக்கும் அதே ஊர், விபத்து நடந்த மறுநாள் "எல்லாவற்றையும் மூடு" என்று கொதிக்கிறது. ஹிமாச்சலத்தில் 2004 முதலே வான்விளையாட்டு விதிகள் எழுத்தில் இருந்தன. மழைக்காலத்தில் ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை பறப்பை நிறுத்திவைக்கும் நல்ல வழக்கமும் இருக்கிறது. ஆனால் மலையில் அன்றாடம் அவற்றைக் கடைப்பிடிக்க வைக்க ஆளில்லாமல் இருந்தது. பெங்களூருச் சிறுவன் ஒருவன் இறந்ததை அடுத்து, 2022இன் தொடக்கத்தில் உயர் நீதிமன்றமே தலையிட வேண்டியதாயிற்று. தடை கேட்பவர்களுக்கும் "அவரவர் பொறுப்பு" என்பவர்களுக்கும் ஒரு விஷயத்தில் முழு உடன்பாடு: மலையில் ஒழுங்கை உண்டாக்கும் சலிப்பூட்டும் அன்றாட வேலையை இருவருமே செய்யத் தயாராக இல்லை. தடை போட்டால் நல்ல பயிற்சியாளர்கள் கடையை மூடுவார்கள். திருட்டுத்தனமாகப் பறப்பவர்கள் மட்டும் எஞ்சுவார்கள். அப்போது மலை இன்னும் ஆபத்தானதாகும்.

தினமும் காலையில் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் நம் மோட்டார் சைக்கிள்காரர்களைப் பாருங்கள். ஆயிரக்கணக்கான வண்டிகள் ஒரு தடத்தில் நெருக்கியடித்துப் போகின்றன. அங்கே ஒருவன் எதிர்த்திசையில் வந்தால் "அவன் உயிர், அவன் பொறுப்பு" என்று யாராவது வழிவிடுவார்களா? தரையில் நமக்குத் தெரிந்த இந்தப் பொது அறிவு, மலையேறியதும் எங்கே போகிறது?

வானைப் பகிர்வது எவ்வளவு நுட்பமானது என்பதை மற்ற எந்த ஊரையும்விட ஜொகூர் பாரு அறியும். தென் ஜொகூரின் வான்வெளிப் போக்குவரத்தை 1974 உடன்பாட்டின்படி சிங்கப்பூர் கவனித்து வருகிறது. 2018 இறுதியில், செலெத்தார் விமான நிலையத்தின் புதிய தரையிறங்கும் வழிகாட்டி முறை பாசிர் கூடாங்கில் கட்டடங்களின் உயரத்தைக் கட்டுப்படுத்திவிடும் என்று மலேசியா எதிர்த்தது. பாசிர் கூடாங்குக்கு மேலே தடைசெய்யப்பட்ட வான்பகுதியை அறிவித்தது. 2019 ஏப்ரலில் சிங்கப்பூர் அந்த முறையை விலக்கிக்கொள்ள, மலேசியா தன் தடையை நிறுத்திவைத்தது. இரண்டு இறையாண்மை அரசுகள் "எங்கள் வானம், எங்கள் விருப்பம்" என்று கடைசிவரை நிற்க முடியவில்லை. யார் எங்கே, எந்த உயரத்தில், எந்த வழியில் என்று பேசித்தான் தீர்த்தார்கள். அரசுகளுக்கே இல்லாத தனியுரிமை, துணி இறக்கை கட்டிய தனிமனிதருக்கு எங்கிருந்து வந்தது?

"விதி வந்தால் விடுதலை போய்விடும்" என்பது கடைசி அரண். வலப்பக்க விதியை எந்த அமைச்சரவையும் மேலிருந்து திணிக்கவில்லை. இன்ஜின் இல்லாமல் மலையில் பறந்தவர்கள் தமக்குள் ஏற்றுக்கொண்ட ஒழுங்கு அது. வெப்பக் காற்றுத்தூணில் முதலில் நுழைந்தவர் எந்தப் பக்கம் சுழல்கிறாரோ அந்தப் பக்கமே மற்றவர்களும் சுழல்வது, தரையிறங்கும்போது தாழ்ந்து வருபவருக்கு முதலிடம் தருவது, மலைப்பக்கம் திரும்பாமல் எப்போதும் வெளிப்பக்கமே திரும்புவது, திரும்புமுன் தோளுக்குப் பின்னால் பார்ப்பது: இவை இருப்பதால்தான் இருபது பேர் ஒரே பட்டையில் ஒரு மணி நேரம் மிதக்க முடிகிறது. இவை இல்லாவிட்டால் ஒருவர் பறக்க மற்ற பத்தொன்பது பேரும் தரையில் காத்திருக்க வேண்டியதுதான். விடுதலையைத் தருவதே இந்த ஒழுங்கு.

ஆகவே நான் கேட்பவை எளியவை, செலவும் குறைவு. பகிர்ந்து பறக்கும் ஒவ்வொரு மலையிலும் கிளம்பும் மேட்டில் அந்த இடத்தின் விதிகள் மலாய், தமிழ், சீனம், ஆங்கிலம் என நான்கு மொழியிலும் பலகையாக நிற்கட்டும். பறப்பு நாள்தோறும் ஒருவர் பொறுப்பாளராக இருக்கட்டும். "இன்று போதும்" என்று சொல்லும் அதிகாரம் அவருக்கு இருக்கட்டும். வெளியூர்க்காரர் முதல்முறை பறக்குமுன் தன் தகுதி அட்டையைக் காட்டி, உள்ளூர்க்காரரிடம் காற்றின் குணத்தைக் கேட்டறியட்டும். பட்டை நிறைந்துவிட்டால் காத்திருப்பவர் காத்திருக்கட்டும். தரையிறங்கும் திடலில் பாராகிளைடர்காரர் துணியை அள்ளிக்கொண்டு உடனே ஓரம் போகட்டும்; பின்னால் வரும் ஹேங் கிளைடரால் இன்னொரு சுற்று சுற்றிவர முடியாது. மயிரிழையில் தப்பியவற்றையும் பழிபோடாமல் பதிவு செய்து, மாதம் ஒருமுறை எல்லாரும் உட்கார்ந்து பேசட்டும். பயணிக்குத் தரும் பாரத்தின் முதல் பக்கத்தில் ஓட்டுநரின் கடமைகள் எழுதப்படட்டும். பயணியின் கையெழுத்து அதற்குப் பிறகு வரட்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை பறக்க விரும்பினால் "போகாதே" என்று அழுவதும், "உன் பாடு" என்று கைகழுவுவதும் வேண்டாம். யாரிடம் கற்கிறாய், எதிரே ஒருவர் வந்தால் எந்தப் பக்கம் திரும்புவாய், இன்றைக்குப் பறக்க வேண்டாம் என்று உன்னிடம் சொல்லக்கூடியவர் அங்கே யார் என்று கேளுங்கள். மூன்றுக்கும் தயங்காமல் பதில் சொல்லும் பிள்ளையை நம்பி அனுப்பலாம். பதில் சொல்லத் தெரியாதவன் இன்னும் பறக்கத் தயாராகவில்லை.

பறக்கிறவர்களிடம் நான் கேட்பது இதைவிடக் கடினமானது. இந்த வாசகத்தைக் கைவிட வேண்டிய முதல் ஆள்கள் நீங்கள்தான். முறை தவறிப் பறக்கும் நண்பனிடம் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். அவன் உங்களைவிட மூத்தவனாக, உங்களுக்கே கற்றுக்கொடுத்தவனாக இருந்தாலும் சொல்லுங்கள். அவன் கோபித்துக்கொள்வான், சில வாரம் பேசாமலும் இருப்பான். அந்த மனத்தாங்கலைத் தாங்கத் தயாராக இல்லாதவர்களின் கையில் மலை நிலைக்காது. அடுத்த மோதலுக்குப் பிறகு விதி எழுத வருகிறவர்களுக்கு உங்கள் காற்றைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்த ஒரே விதி கதவைப் பூட்டுவதுதான். அதற்கு முன்பே உங்கள் விதிகளை நீங்களே எழுதி, நீங்களே கடைப்பிடித்துக் காட்டுங்கள்.